‘ரெய்ட்’ என்னும் சொல்: போய், அடித்து, மீளுதல்

யாழ்ப்பாணத்தில் வெளிவரும் நாளிதழ்களைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு ‘கசிப்பு உற்பத்தி நிலையம் முற்றுகை’ என்ற தலைப்பு மிகவும் பழக்கமானது. கசிப்பு என்பது கள்ளத்தனமாக வடிக்கும் சாராயம். உயர்தர மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்துவரும் நான், அத்தகைய செய்தி ஒன்றைக் கொடுத்து அதை ஆங்கிலத்தில் எழுதிவருமாறு ஒரு தடவை கேட்டிருந்தேன். மாணவி ஒருத்தி அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மிகுந்த கவனத்துடன் எழுதிவந்தாள். ‘முற்றுகை’ என்ற இடத்தில் ‘சீஜ்’ என்ற ஆங்கிலச் சொல்லை இட்டிருந்தாள். அகராதி அப்படித்தான் சொல்கிறது. அவளுடைய வாக்கியத்தில் இலக்கணப் பிழையும் இருக்கவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை வாசிக்கும் ஆங்கிலேயர் ஒருவர், பற்றைக்குள் இருந்த இரண்டு கோடாப் (கசிப்பு வடிப்பதற்கான ஊறல்) பீப்பாய்களையும் ஓர் அடுப்பையும் பொலிஸார் நாட்கணக்கில் சூழ்ந்து நின்று, உள்ளே சோறும் தண்ணீரும் போகவிடாமல் மறித்து, உள்ளிருந்தவர்கள் சரணடையும் வரை காத்திருந்தார்கள் என்றே விளங்கிக்கொள்வார். உண்மையில் நடந்ததோ, விடியற்காலையில் போய், திடீரென்று உள்ளே புகுந்து, கைப்பற்ற வேண்டியதைக் கைப்பற்றிக்கொண்டு ஒரு மணித்தியாலத்துக்குள் திரும்பிய ஒரு காரியம். அதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல் ‘ரெய்ட்’.

அந்த மாணவியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம் தமிழில் இரண்டு வெவ்வேறு காரியங்களுக்கு ஒரே சொல்லைப் புழங்கிவருகிறோம். அதன் விளைவை அவளுடைய பயிற்சிக் கொப்பி சுமந்தது. ஆகவே இந்தச் சொல்லைத் தொடக்கத்திலிருந்தே விளக்கிவிட வேண்டும் என்று எண்ணினேன்.

முதலில் உச்சரிப்பு. இந்தச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது இறுதியில் ‘ட்’ என்று போடுகிறோம். தமிழில் ஒரே டகரம் இடத்துக்கேற்ப இரண்டு விதமாக ஒலிக்கும். ‘வண்டி’ என்று சொல்லும்போது வரும் மெல்லிய டகர ஒலிதான் இங்கே வேண்டும். ‘வட்டி’ என்று சொல்லும்போது வரும் வல்லொலியை இட்டால், கேட்பவர் காதில் அது விகிதத்தையும் விலையையும் குறிக்கும் ‘ரேட்’ என்ற வேறொரு சொல்லாக விழும். மெல்லொலிக்கு முன்னால் உயிரொலியைச் சற்று நீட்டினால் இன்னும் தெளிவாக இருக்கும். இறந்தகால வடிவம் ‘ரெய்டிட்’ என்று இரண்டு அசையாக ஒலிக்கும். ‘ரெய்டர்’ என்றால் அந்தக் காரியத்தைச் செய்பவர்.

இனிப் பொருள். இதைப் புரிந்துகொள்ள நமக்கு மிக எளிய வழி கபடி ஆட்டத்தில் இருக்கிறது. நடுக்கோட்டைத் தாண்டி எதிரணியின் களத்துக்குள் தனியாகப் பாடிச் செல்பவரை ஆங்கிலத்தில் ‘ரெய்டர்’ என்கிறார்கள்; அவர் ஒரு தடவை பாடிச் சென்று வருவது ஒரு ‘ரெய்ட்’. அதற்கு அவருக்குக் கிடைப்பது 30 விநாடிகள். அந்த நேரத்துக்குள் மூச்சை விடாமல் பாடிக்கொண்டே எதிராளியைத் தொட வேண்டும். தொட்டபின் தன் பக்கத்துக்குத் திரும்ப வேண்டும். எத்தனை பேரைத் தொட்டாலும், பிடிபட்டுத் திரும்ப முடியாமற்போனால் ஆட்டமிழப்பவர் அவரே. எதிரணியினர் நாலைந்து பேர் மேலே விழுந்து அமுக்கினாலும், ஒரு விரல் நுனி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் அவர் தப்பிவிடுவார். அதாவது, எதிரியின் இடத்தைப் பிடித்துவைத்திருப்பது அவருடைய நோக்கம் அன்று. அங்கே போக வேண்டும், காரியத்தை முடிக்க வேண்டும், அங்கே தங்காமல் வெளியேறிவிட வேண்டும். ‘ரெய்ட்’ என்ற சொல்லின் எலும்புக்கூடு இந்த மூன்றுமே. வேகமும் எதிர்பாராத தன்மையும் அந்த எலும்பின்மேல் வளர்ந்த தசை என்று சொல்லலாம்.

சொல்லின் பிறப்பைப் பார்த்தாலும் இதே செய்திதான் கிடைக்கிறது. பழைய ஆங்கிலத்தில் குதிரையேறிச் செல்வதைக் குறித்த ‘ராட்’ என்ற சொல் ஒன்று இருந்தது. அது தெற்கே இங்கிலாந்தில் ‘றோட்’ என்று திரிந்தது. வடக்கே ஸ்கொட்லாந்துப் பக்கத்தில் ‘ரெய்ட்’ என்று திரிந்தது. நாம் நாள்தோறும் ‘றோட்டால் போகிறேன்’ என்று சொல்லும் அந்த றோட்டும் இந்த ரெய்ட்டும் ஒரே வயிற்றில் பிறந்த சகோதரங்கள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ‘றோட்’ என்பது பாதை என்ற பொருளைப் பெற்றது மிகவும் பிந்தியே. அதற்கு முன்னர் அதுவும் குதிரைச் சவாரியையும், குதிரையேறிப் போய்த் தாக்குவதையுமே குறித்தது. அந்தப் பழைய பொருளின் எச்சம் ‘இன்றோட்’ என்ற ஆங்கிலச் சொல்லில் இன்றும் உறைந்து கிடக்கிறது. பிறர் எல்லைக்குள் ஊடுருவி முன்னேறுதல் என்பதே அதன் பொருள். அதற்கும் வீதிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

ஸ்கொட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப்புறத்தில் பல நூற்றாண்டுகளாக இருபக்கத்துக் குடும்பங்களும் இரவில் குதிரையேறிச் சென்று, மறுபக்கத்து ஊரின் மாடுகளை ஓட்டிக்கொண்டு விடிவதற்குள் திரும்பிவந்தன. இந்தக் கூட்டத்தாரை ‘ரீவர்’ என்று அழைத்தார்கள். 1603ஆம் ஆண்டில் இரண்டு நாடுகளும் ஒரே மன்னரின் கீழ் வந்த பின்னரே அந்த வழக்கம் கடுமையாக ஒடுக்கப்பட்டது. அதன்பின் ‘ரெய்ட்’ என்ற சொல்லும் பொது வழக்கிலிருந்து மெல்ல மறைந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்த எல்லைப்புறத்துக் கதைகளில் ஊறிய வோல்டர் ஸ்கொட் தம்முடைய எழுத்தில் அதை மீண்டும் எடுத்தாண்டார். அங்கிருந்துதான் அது உலகெங்கும் உள்ள ஆங்கிலத்துக்குப் பரவியது.

அந்த எல்லைப்புறம் ஆங்கிலத்துக்குக் கொடுத்த வேறு இரண்டு சொற்களையும் இங்கே சொல்லாமல் கடக்க எனக்கு முடியவில்லை. ஒன்று ‘பிளாக்மெயில்’. அதிலுள்ள ‘மெயில்’ கடிதத்தைக் குறிப்பதன்று. அது குத்தகைப் பணத்தையும் திறையையும் குறித்த பழைய சொல். மாடுகளை ஓட்டிச்செல்லாமல் விடுவதற்காகக் கமக்காரர்கள் அந்தக் கூட்டத்தாருக்குக் கட்டிய பணமே அது. ‘கப்பம்’ என்ற நம்முடைய சொல்லை வைத்தால் அணுவளவும் பிசகாது. மற்றையது, உற்றாரைச் சாவில் இழந்தவரைக் குறிக்கும் ‘பிரீவ்ட்’ என்ற சொல். ‘ரீவர்’ என்பதும் அதுவும் ‘பறித்தெடுத்தல்’ என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை. பறிப்பவனுக்கு ஒரு பெயர், பறிகொடுத்தவருக்கு ஒரு பெயர். இரண்டும் ஒரே வேர்.

மாட்டுக்காக இரவில் எல்லை தாண்டுவது என்றதும், தமிழ் படித்தவர்களுக்கு வெட்சித்திணை நினைவுக்கு வந்திருக்கும். தொல்காப்பியப் புறத்திணையியல் அதனை ‘வேற்றுப்புலக் களவின் ஆதந்து ஓம்பல்’ என்கிறது. பிற நாட்டுக்குள் மறைவாகச் சென்று, ஆநிரையைக் கொண்டுவந்து, அதைப் பாதுகாத்தல் என்பது அதன் கருத்து. இந்தச் சிறிய தொடரைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ‘களவின்’ என்பதில் எதிர்பாராத தன்மை இருக்கிறது. ‘வேற்றுப்புலம்’ என்பதில் எல்லை தாண்டுதல் இருக்கிறது. ‘தந்து’ என்பதில் திரும்பிவருதல் இருக்கிறது. நான் பார்த்த ஆங்கில அகராதிகளில் ‘ரெய்ட்’ என்பதற்கு இதைவிடச் செறிவான வரைவிலக்கணம் கிடைத்ததில்லை. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1885இல் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேற்றியபோது இந்தத் தொடர் ஏட்டிலிருந்து தாளுக்கு வந்தது என்பதை யாழ்ப்பாணத்து மாணவர்களுக்கு நான் எப்போதும் சொல்வதுண்டு.

தொல்காப்பியம் அதோடு நின்றுவிடவில்லை. வெட்சிக்குப் பதினான்கு துறைகளை வகுக்கிறது. அவற்றை வரிசையாகப் படித்தால், ஒரு ரெய்ட் எப்படித் தொடங்கி எப்படி முடிகிறது என்பது கண்முன்னே விரியும். படை புறப்படும் ஆரவாரம் முதலில். பக்கத்து ஊரில் நற்சொல் கேட்டு நிமித்தம் பார்த்தல் அடுத்து. அதன்பின், சுற்றியிருப்பவர் அறியாதபடி போகும் செலவு. ஒற்றர் கொண்டுவரும் செய்தி. அந்தச் செய்தியின்படி ஊரைச் சூழ்ந்து தங்குதல். காவலை அழித்து ஊர்கொலை செய்தல். ஆகோள் என்னும் ஆநிரை கவர்தல். பாதிக் கதை இங்கேதான் முடிகிறது. மீதி முழுவதும் திரும்பும் பயணம்: துரத்திவருபவரின் பூசலை மாற்றுதல், மாடுகள் வருந்தாமல் ஓட்டிவருதல், ஊரார் எதிர்பார்த்து நிற்கும் வழியில் தோன்றுதல், கொண்டுவந்து நிறுத்துதல், பங்கிடுதல், உண்டாடுதல், இல்லாதவர்க்குக் கொடுத்தல். போவதற்கு ஏழு துறை, வருவதற்கும் பங்கிடுவதற்கும் ஏழு துறை. திரும்பிவருதல் இந்தக் காரியத்தில் சரிபாதி என்று நம் முன்னோர் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இது ஏட்டில் மட்டும் இருந்த விடயமும் அன்று. தமிழகத்தின் தேனி மாவட்டத்திலுள்ள புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட மிகப் பழைய நடுகல் ஒன்றில், ‘கூடல் ஊர் ஆகோள்’ என்று தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. இலக்கண நூல் துறைப்பெயராகச் சொல்லும் அதே ‘ஆகோள்’, ஒரு மனிதனின் சாவைக் குறிக்கும் கல்லில் இருக்கிறது. அந்தச் சொல்லைக் கல்லில் வாசித்த நாளிலிருந்து, வெட்சித்திணையை வெறும் இலக்கியக் கற்பனை என்று என்னால் கற்பிக்க முடியவில்லை.

இந்த அடிப்படை தெரிந்தபின், ரெய்ட்டை அதன் பக்கத்துச் சொற்களிலிருந்து பிரித்தறிவது கடினமன்று. ‘சீஜ்’ என்பது முற்றுகை. அதில் போகிறவர் திரும்புவதில்லை. மதிலுக்கு வெளியே குந்தியிருந்து உள்ளிருப்பவரைப் பசியாலும் களைப்பாலும் வீழ்த்துகிறார். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது அப்படித்தான். மூன்று மாதங்களுக்கு மேல் சூழ்ந்திருந்தார்கள். அதே கோட்டை 1990இலும் யூன் முதல் செப்ரெம்பர் வரை மற்றொரு முற்றுகையைக் கண்டது. இந்த இரண்டையும் எந்த ஆங்கில நூலும் ரெய்ட் என்று எழுதாது. ‘இன்வேஷன்’ என்பது படையெடுப்பு. அதில் வருபவர் தங்குவதற்காகவே வருகிறார். 1619இல் பிலிப் டி ஒலிவேரா தலைமையில் போர்த்துக்கேயர் நல்லூருக்கு வந்ததும் யாழ்ப்பாண அரசு முடிந்துபோனதும் அந்த வகை.

இங்கே மாணவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: சிறிய தாக்குதல் ரெய்ட், பெரியது இன்வேஷன் என்று எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. 1942 ஓகஸ்ற் 19இல் பிரான்ஸ் நாட்டின் டியேப் துறைமுகத்தில் பெரும்பாலும் கனேடியர்களைக் கொண்ட சுமார் 6,000 படையினர் கரையிறங்கினார்கள். எஞ்சியவர்கள் அன்றைய தினமே திரும்பினார்கள். பாதிக்கு மேற்பட்டோர் இறந்தும் காயமுற்றும் சிறைப்பட்டும் போனார்கள். இத்தனை பெரிய நடவடிக்கையை ஆங்கில வரலாற்று நூல்கள் ‘டியேப் ரெய்ட்’ என்றே குறிப்பிடுகின்றன, ஏனெனில் அந்த இடத்தைப் பிடித்துவைத்திருக்க அவர்கள் போகவில்லை. 1944 யூன் 6இல் நோர்மண்டியில் இறங்கியவர்கள் தங்கி முன்னேறுவதற்காக இறங்கினார்கள், அது இன்வேஷன். ஆளெண்ணிக்கை இந்தப் பெயர்களைத் தீர்மானிப்பதில்லை; போகிறவருடைய நோக்கமே தீர்மானிக்கிறது.

‘அம்புஷ்’ என்ற சொல்லையும் மாணவர்கள் ரெய்ட்டுடன் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் எதிர்பாராத அடி என்பது உண்மைதான். ஆனால் அம்புஷில் அடிப்பவர் காத்திருக்கிறார், அடிபடுபவர் நடந்துவந்து அகப்படுகிறார். பற்றைக்குள் அல்லது காட்டுக்குள் மறைதல் என்ற பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அது வந்தது. ‘பதுங்கித் தாக்குதல்’ என்பது அதற்கு நல்ல தமிழ். ரெய்ட்டில் அடிப்பவரே நடந்து போகிறார். ‘பிளிட்ஸ்’ என்பது ஜேர்மன் மொழியில் மின்னல். 1940 செப்ரெம்பர் முதல் அடுத்த ஆண்டு மே வரை லண்டன் நகரின்மேல் இரவிரவாக நடந்த குண்டுவீச்சுக்கு அந்தப் பெயர் நிலைத்தது. ஒவ்வொரு இரவில் நடந்ததும் ஒரு ரெய்ட், எல்லா இரவுகளும் சேர்ந்தது பிளிட்ஸ் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். தனித்தனியாக விழும் அடிகளையும் அவற்றின் மொத்தத்தையும் ஆங்கிலம் வேறுபடுத்திச் சொல்கிறது. ‘இன்கேர்ஷன்’ என்பது எல்லையை மீறி நுழைதல். இந்திய இழுவைப் படகுகள் நமது கடற்பரப்புக்குள் வருவதைப் பற்றி எழுதும்போது ஆங்கிலப் பத்திரிகைகள் புழங்கும் சொல். அங்கே நுழைவுதான் செய்தி, அடி இருக்க வேண்டியதில்லை.

ஆகாயத்தால் வரும் ரெய்ட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குதிரைக்குப் பதிலாகப் பறக்கும் ஊர்தி வந்ததும், போய் அடித்து மீளும் அதே காரியத்துக்கு ‘எயர் ரெய்ட்’ என்ற கூட்டுச்சொல் பிறந்தது. 1915 ஜனவரியில் ஜேர்மனியின் செப்பலின் வான்கப்பல்கள் இங்கிலாந்தின் கிழக்குக் கரையோர ஊர்களில் குண்டு போட்ட காலத்தில் அது வீட்டுச் சொல்லாகிவிட்டது. இலங்கைக்கு அது 1942 ஏப்ரல் 5இல் வந்தது: யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின, நான்கு நாட்களின் பின் 9ஆம் திகதி திருகோணமலையைத் தாக்கின. ஏப்ரல் 5 உயிர்த்த ஞாயிறு நாளாக இருந்ததால், ஆங்கில நூல்களில் அது ‘ஈஸ்டர் சண்டே ரெய்ட்’ எனப்படுகிறது.

இதே பெயரைப் போன்ற ஒன்றை நாம் 2019இலும் கேட்டோம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நடந்தவற்றை ஆங்கிலத்தில் ‘அற்றாக்’ என்றும் ‘பொம்பிங்’ என்றும் எழுதுகிறார்கள். ரெய்ட் என்று எழுதுவதில்லை. அவை தற்கொலைத் தாக்குதல்கள். போனவர்கள் மீள்வதற்காகப் போகவில்லை. இரண்டு உயிர்த்த ஞாயிறுகளுக்கும் இரண்டு வெவ்வேறு சொற்கள் வந்ததன் காரணம் இந்த ஒரு நூலிழையிலேயே தொங்குகிறது.

மீளுதல் என்றால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியாக வேண்டுமா என்றும் கேட்கலாம். கொழும்புத் தாக்குதல் நடந்து பதின்மூன்றாம் நாள், 1942 ஏப்ரல் 18இல், ‘ஹோர்னெற்’ என்னும் அமெரிக்கக் கப்பலிலிருந்து எழுந்த 16 குண்டுவீச்சு விமானங்கள் தோக்கியோ முதலான நகரங்களைத் தாக்கின. அந்தப் பெரிய விமானங்கள் கப்பலில் மீண்டும் இறங்க முடியாதவை. தாக்கியபின் சீனாவை நோக்கிப் பறப்பதே திட்டம். அதுவும் தலைவரின் பெயரால் ‘டூலிற்றில் ரெய்ட்’ என்றே அறியப்படுகிறது. அடித்த இடத்தில் தங்காமல் அகன்றால் போதும். எங்கே போய்ச் சேர்கிறார் என்பது இரண்டாம் பட்சம்.

யாழ்ப்பாணத்தில் ‘எயர் ரெய்ட்’ என்ற சொல்லை ஆங்கிலச் செய்தியில்தான் வாசித்தோம். வாயால் நாம் சொன்னது வேறு. ‘பொம்மர் வருது, பங்கருக்குள்ளே ஓடு’ என்பதே எங்கள் வீட்டு மொழி. ஆங்கிலச் சொல் போய்வந்தவரின் பக்கத்திலிருந்து பேசுகிறது: புறப்பாடு, இலக்கு, மீட்சி. எங்கள் சொல் வானத்தில் கேட்ட இரைச்சலையும் நிலத்தில் வெட்டிய பதுங்குகுழியையும் பற்றிப் பேசியது. 1995 யூலை 9இல், இராணுவத்தின் ‘முன்னேறிப் பாய்தல்’ நடவடிக்கையின்போது இடம்பெயர்ந்த மக்கள் தஞ்சமடைந்திருந்த நவாலி தேவாலயத்தின்மேல் குண்டு விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் பெரும்பாலும் ‘பொம்பிங்’ என்ற சொல்லையே எடுக்கிறார்கள். ‘ரெய்ட்’ போனவரின் செயலைச் சொல்லும். ‘பொம்பிங்’ விழுந்ததைச் சொல்லும். எழுதுபவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பதைச் சொல்லின் தெரிவே காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலம் கற்கும் நம் பிள்ளைகள் இந்த ஒரு நுட்பத்தை அறிந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

செல்லடி ரெய்ட் ஆகாது. பலாலிப் படைமுகாமிலிருந்தோ கோட்டையிலிருந்தோ ஏவப்பட்ட எறிகணைக்குப் போவதுண்டு, மீளுவதில்லை. ஏவியவர் தம் இடத்தை விட்டு அசைவதுமில்லை. அதற்கு ஆங்கிலத்தில் ‘ஷெல்லிங்’. இந்த வேறுபாட்டை எங்கள் தலைமுறைக்கு யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டின் சத்தமும் வேறு.

பொலிஸ் ரெய்ட்டுக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், படையினரின் சொல்லாக இருந்தது பொலிஸாரின் சொல்லாகவும் ஆயிற்று. மதுவரித் திணைக்களத்தினர் கசிப்பு வடிக்கும் இடத்துக்குள் புகுவதும், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையினர் அரிசியைப் பதுக்கிய களஞ்சியத்துக்குள் புகுவதும் ஆங்கிலத்தில் ரெய்ட். ‘சேர்ச்’ என்பது தேடுதல். சொல்லிவைத்து, உரியவரின் முன்னிலையில் ஆறுதலாகவும் அதைச் செய்யலாம். சொல்லாமல் புகுந்தால்தான் ரெய்ட். தமிழகத்துத் தொலைக்காட்சிகள் ‘ஐடி ரெய்டு’ என்று ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டன. அங்கே ‘அதிரடிச் சோதனை’ என்றும் எழுதுகிறார்கள். நமக்கும் அது பொருத்தமே. ‘முற்றுகை’ பொருத்தமன்று என்பதை மேலே சொன்னேன்.

‘சுற்றிவளைப்பு’ என்ற சொல்லையும் நமது பத்திரிகைகள் ரெய்ட்டுக்குப் புழங்குகின்றன. அது முற்றுகையைவிட நெருக்கமானது. ஆனால் போர்க்காலத்தில் வாழ்ந்தவர்களின் காதில் அதற்கு வேறு கனம் இருக்கிறது. விடியுமுன் ஊரைப் படையினர் வளைத்து, ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்துக்கோ கோயில் வீதிக்கோ வரச்சொல்லி, முகத்தை மறைத்து, தலையை ஆட்டி ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டியின் முன்னால் ஒவ்வொருவராக நடக்கவிட்ட நாட்களை நாங்கள் ‘ரவுண்டப்’ என்றோம். அந்த ஆங்கிலச் சொல்லும், மேய்ச்சல் நிலத்தில் கலைந்து திரியும் மாடுகளைக் குதிரையேறிச் சுற்றிவந்து ஓரிடத்தில் சேர்ப்பதைக் குறித்த சொல். ரெய்ட் மாட்டைக் கவரப் போன சொல், ரவுண்டப் மாட்டைச் சேர்க்கப் போன சொல். மனிதரை அப்படிச் சேர்த்த காரியத்துக்கு அந்தச் சொல்லை எங்கள் ஊர் எடுத்துக்கொண்டது, அதன் வரலாறு தெரிந்து அன்று. ஆனால் பிழையாகவும் அன்று.

எழுதும்போது கவனிக்க வேண்டிய இலக்கணம் சிறிதளவே. பெயர்ச்சொல்லாக வரும்போது, தாக்கப்படும் இடத்துக்கு முன் ‘ஒன்’ என்ற முன்னிடைச்சொல் வர வேண்டும்: ‘அ ரெய்ட் ஒன் த ஹவுஸ்’. தமிழில் ‘வீட்டில் சோதனை’ என்று ஏழாம் வேற்றுமையில் நினைப்பதால், நம் மாணவர்கள் ‘இன் த ஹவுஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள். வினைச்சொல்லாக வரும்போது இடைச்சொல்லே வேண்டாம்: ‘த பொலிஸ் ரெய்டிட் த ஹவுஸ்’. இந்த வினையின் செயப்படுபொருள் பெரும்பாலும் இடமாகவே இருக்கும் என்பதும் முக்கியம். வீட்டை ரெய்ட் செய்யலாம், கசிப்பை ரெய்ட் செய்ய முடியாது. கசிப்புக்கு ‘சீஸ்’ என்ற வேறு வினை, அதாவது கைப்பற்றுதல். தமிழிலும் ஊரைத்தான் சூறையாடுகிறோம், ஆநிரையைத்தான் கவர்கிறோம். இரண்டு மொழிகளும் இங்கே ஒத்துப்போவதால் மனத்தில் பதிப்பது எளிது. ரெய்ட்டை ஒருவர் ‘கரி அவுற்’ செய்வார், அல்லது ‘லோஞ்ச்’ செய்வார். ‘டூ’ என்ற வினையுடன் சேர்த்து எழுதினால் காதுக்கு ஒட்டாது. விடியற்காலையில் நடப்பதற்கு ‘டோன் ரெய்ட்’ என்று தனிப்பெயரே உண்டு.

அந்த விடியற்காலைப் பெயர் பங்குச்சந்தைக்கும் போயிருக்கிறது. சந்தை திறந்ததும் திறவாததுமாக, ஒரு நிறுவனத்தின் பங்குகளை மற்றவர் விழிக்குமுன் பெருந்தொகையாக வாங்கிவிடுவதையும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஓய்வூதிய நிதியை அரசு வேறு செலவுக்கு எடுத்தால், ஆங்கிலப் பத்திரிகை ரெய்ட் என்று எழுதும். நாம் ‘சேமலாப நிதியில் கைவைத்தார்கள்’ என்போம். பள்ளியால் வந்த பிள்ளை குசினிக்குள் புகுந்து குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்தெடுத்தாலும் ஆங்கிலத் தாய் ரெய்ட் என்றே சொல்வாள். அங்கே கோபம் இல்லை, செல்லம்தான். கணினிக்காரர் பேசும் ‘ரெய்ட்’ இவற்றோடு சேராது. பல வன்தட்டுகளை ஒன்றாக இணைத்து, ஒன்று பழுதானாலும் தரவு அழியாமல் காக்கும் முறைக்கு 1980களின் பிற்பகுதியில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வாளர் மூவர் சூட்டிய பெயரின் முதலெழுத்துகள் அவை. எழுத்து ஒத்தது, பொருள் ஒவ்வாது.

அண்மையில் அந்த மாணவிக்கு வேறொரு பயிற்சி கொடுத்தேன். வன்னியில் யானைகள் வயலுக்குள் இறங்குவதைப் பற்றிய ஆங்கிலப் பந்தி அது. விலங்கியலாளர்கள் அதற்கு ‘குரொப் ரெய்டிங்’ என்ற தொடரைப் புழங்குகிறார்கள். ‘த எலிஃபன்ற்ஸ் ரெய்டிட் த பாடி ஃபீல்ட்ஸ்’ என்று ஒரு வாக்கியம் இருந்தது. தாக்கின என்று எழுதுவாளோ, நாசமாக்கின என்று எழுதுவாளோ என்று எண்ணிக்கொண்டு கொப்பியைத் திறந்தேன். ‘யானைகள் இரவில் வயலுக்குள் இறங்கி, நெல்லை மேய்ந்துவிட்டு, காட்டுக்குத் திரும்பின’ என்று எழுதியிருந்தாள். ‘திரும்பின’ என்பது ஆங்கில வாக்கியத்தில் எங்கும் இல்லை. நான் அதை வெட்டவில்லை.